துஷ்யந்தியின் எட்டாவது கட்டுரை

என் தங்கை டொக்டர் துஷ்யந்தியின் பெயரில் இதுவரை பதினொரு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. பதினொன்றையும் அச்செடுத்து, தேதி வாரியாக ஒரு நீலக் கோப்பில் வைத்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. ஆனால் எந்தக் கட்டுரை எந்த மாதம் வந்தது, அதில் எத்தனை நோயாளிகள், அவள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்து, கோப்பின் முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கட்டுரையில் அவள் ஏழாவது. ஐந்தாவதில் மூன்றாவது. எட்டாவதில்தான் முதன்முறையாக முதல் பெயர் அவளுடையது.

அவளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையிலிருந்து கேட்கிறார்கள் என்று சொன்னபோது அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எழுதுறதுன்னா எட்டாவது பேப்பர்ல நடந்தத எழுதுக்கா. அத விட்டுட்டு மத்தது எல்லாம் எழுதாத."

எட்டாவதில் நடந்ததில் என் தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

துஷ்யந்தி 1985இல் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தாள். நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிறகு பண்டாரவளையில் படித்தாள். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை புள்ளிகள் போதவில்லை, இரண்டாம் தடவை பேராதனை மருத்துவ பீடம் கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து டொக்டரான முதல் ஆள் அவள். நான் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறேன். முதலில் கொழுந்து எடுத்தேன். 2019இல் பெண்களையும் கங்காணியாக எடுத்தபோது எனக்கு அந்த வேலை கிடைத்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி, இருபத்தாறு பெண்களை மலைக்கு அழைத்துப் போய், யார் வந்தார்கள், யார் இடையில் வீட்டுக்குப் போனார்கள் என்று பார்ப்பது என் வேலை.

அவள் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போனதற்குத் தனிக் காரணம் எதுவும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வாய்ப் புற்றுநோயோடு வந்தவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்களாக இருந்தார்கள் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். வெற்றிலையும் புகையிலையும்தான். கன்னம் ஓட்டையான பிறகு வருவார்கள். அவளுடைய முதல் நான்கு கட்டுரைகளும் அதைப் பற்றியவை. பிறகு இரண்டு வருடம் வெளிநாட்டில் போய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை அடிக்கும் புதிய சிகிச்சையைப் படித்துவிட்டு 2020இல் திரும்பி வந்தாள்.

அந்தச் சிகிச்சையை அவள் எனக்குச் சொன்ன விதம் இது. "நம்ம ஒடம்புக்குள்ள காவலுக்கு நாய் இருக்குக்கா. கேன்சர் வந்து அத கட்டிப் போட்டுருது. இந்த மருந்து கட்ட அவுத்து விடும். நாய் போயி கேன்சர கடிக்கும். ஆனா அவுத்து விட்ட நாய் சில நேரம் வீட்டு ஆளையும் கடிச்சிரும். கொடல கடிக்கும், தோல கடிக்கும், கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, அதக் கடிக்கும். கடிச்சா ஒடனே தெரியணும். தெரிஞ்சா வேற மருந்து குடுத்து நிப்பாட்டலாம். தெரியாம விட்டா ஆளு போயிரும்."

முழு அளவு மருந்து நம் ஆட்களுக்குக் கட்டுபடியாகாது. பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே வேலை செய்கிறதா, கடியும் குறைகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி நோய் வந்த நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் பதினேழு பேர் தோட்டத்து ஆட்கள். 2023 ஜனவரியில் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து ஐந்து பேர் ஜெஸீமின் வேனில் போய்வந்தார்கள். ஜெஸீம் பண்டாரவளைக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் பெரியாயி. வயது ஐம்பத்து மூன்று. என் கூட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இன்னொருவர் அழகையா அண்ணன், தோட்டத்து லொறியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

என் தவறு இங்கேதான் தொடங்குகிறது. பெப்ரவரியில் ஒரு நாள் பெரட்டுக் களத்தில் வைத்து, நாலு பேர் கேட்க, பெரியாயியிடம் நான் சொன்னேன்: "நீங்க எல்லாரும் நல்லா ஆயிட்டா எங்க தங்கச்சி பேரு ஒலகம் பூரா போயிரும். ஒங்க கையிலதான் இருக்கு." பெருமையில் சொன்னது. கேட்டவர்கள் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மே மாதம் ஒருமுறை நானும் அந்த வேனில் போனேன். ஹாலிஎல தாண்டியதும் முன் சீட்டில் இருந்த அழகையா அண்ணன் பின்னால் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. உள்ள போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, அங்க வலிக்குது, இங்க குத்துதுன்னு ஆரம்பிக்கக் கூடாது. நர்ஸ் மிஸ் கடதாசிய வச்சிக்கிட்டு வரிசையா கேக்கும். சொகமா இருக்கேங்க. அம்புட்டுத்தான்."

"போன தடவ நீங்கதான அண்ணே மூட்டு வலின்னு சொன்னீங்க?" என்றார் பெரியாயி.

"அது பழைய வலி. கல்யாணத்துக்கு முந்தியே இருந்தது."

"அப்ப கல்யாணத்துக்குப் பொறகு வந்த வலியெல்லாம் யாருகிட்ட சொல்றது?"

வேனில் எல்லாரும் சிரித்தோம். அழகையா அண்ணன் விடவில்லை. "சிரிக்காத பெரியாயி. நம்ம லயத்துப் புள்ள. வேற ஆளுங்க மருந்துன்னா நானே நாலு கொற சொல்லுவேன். இது நம்ம புள்ள மருந்து. அதுக்கு ஒரு கெட்ட பேரு வரலாமா?"

"வரக்கூடாதுங்க" என்றார்கள் பின்சீட்டில் இருந்த இருவரும்.

நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பாசமாக இருக்கிறார்களே என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

மருந்து வேலை செய்தது உண்மை. பெரியாயியின் கன்னத்து வீக்கம் வற்றி, ஜூனில் டொக்டரின் துண்டுச்சீட்டோடு வேலைக்கு வந்துவிட்டார். ஒகஸ்டில் துஷ்யந்தி கட்டுரையை எழுதி ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினாள். கொழும்பில் பெரிய டொக்டர்கள் கூட்டமொன்றில் பேசவும் அழைத்திருந்தார்கள். போனில் சொன்னபோது அவள் குரலில் சந்தோஷம் முழுதாக இல்லை.

"ஒன்னு மட்டும் இடிக்குதுக்கா. டவுன் ஆளுங்க இருபத்தஞ்சு பேர்ல எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு கடி இருக்கு. தோட்டத்து ஆளுங்க பதினேழு பேர்ல ஒருத்தருக்குமே இல்ல. சுத்தமா பூச்சியம்."

"நம்ம ஆளுங்க ஒடம்பு ஒரம்டி. மழையிலயும் வெயில்லயும் நின்னு வளந்தது" என்றேன்.

அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியும் இருக்கலாம்" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். நாள் முழுக்க நின்றால் முழுப்பேர். மத்தியானத்தோடு போனால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை அதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுவார். நான் அதற்கு மேல் என் சொந்தக் கொப்பியிலும் எழுதுவேன். யார் போனார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் சொன்னார் என்று எழுதி வைத்தால் பிறகு சண்டை வராது. ஒகஸ்ட் 21ஆம் தேதி பெரியாயிக்கு அரைப்பேர். காரணம் முழங்கால். 24ஆம் தேதி அரைப்பேர், முழங்கால். செப்டெம்பரில் ஐந்து அரைப்பேர், மூன்று நாள் வரவேயில்லை. எல்லாவற்றுக்கும் முழங்கால் என்றே எழுதியிருக்கிறேன்.

முழங்கால் இல்லை என்று எனக்குத் தெரியும். செப்டெம்பர் 14ஆம் தேதி பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அவர் நான்கு தடவை வடிகான் பக்கம் இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"என்ன பெரியாயி?"

"வயித்தால போகுது. நேத்து தின்ன மாசிச் சம்பல் சேரல."

"நேத்து மட்டுமா?"

அவர் கொழுந்துப் பையின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "தங்கச்சிக்கிட்ட சொல்லிப்புடாதீங்க. இவ்வளவு நல்லா போய்க்கிட்டிருக்கு. என் வயித்தால ஒரு கொற வரவேணாம்" என்றார்.

நான் சொல்லவில்லை. கறுப்புத் தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தேன். கொப்பியில் முழங்கால் என்று எழுதினேன். நாய் குடலைக் கடிக்கும் என்று தங்கை சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பத்தில் ஒரு பங்கு மருந்துதானே, இது மாசிச் சம்பல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. மலையில் நிற்கும்போது ஜெஸீமின் போன் வந்தது.

"அக்கா, பெரியாயியம்மாவுக்காக மூணு எடத்துல வேன நிப்பாட்டிட்டேன். இப்ப தெமோதரையில நிக்கிறோம். எந்திரிச்சு நடக்க முடியல, ரத்தமும் போகுதாம். டொக்டருக்குச் சொல்லிராதேன்னு எங்கிட்ட சத்தியம் கேக்குறாங்க. அழகையா அண்ணன் வேற, சோடா வாங்கிக் குடுத்தா சரியாயிரும்ங்கிறார். நான் சத்தியம் பண்ணல. ஆனா எனக்கு டொக்டர் நம்பர் தெரியாது. நீங்க எடுக்குறீங்களா, இல்ல நான் நேரா அவசரப் பிரிவுல கொண்டு போய் எறக்கவா?"

"எறக்குங்க. நான் எடுக்குறேன்" என்றேன்.

துஷ்யந்தி இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"பெரியாயிக்கு வயித்தால போகுது. இப்ப ரத்தமும் வருதாம். ஜெஸீம் கொண்டு வர்றார்."

"எப்ப இருந்து?"

"இரு." கொப்பியைத் திறந்தேன். "ஒகஸ்ட் இருபத்தொன்னு அரைப்பேர். இருபத்தி நாலு அரைப்பேர். செப்டெம்பர் நாலு..." ஒவ்வொன்றாக வாசித்தேன். முழங்கால் என்று எழுதியிருப்பதையும், அது பொய் என்பதையும் சொன்னேன்.

"செப்டெம்பர் அஞ்சு, என் பார்ம்ல வயிற்றோட்டம் இல்லைன்னு இருக்கு. இருபத்தாறும் இல்லைன்னு இருக்கு. நான் மருந்து ஏத்தியிருக்கேன். ரெண்டு தடவையும் ஏத்தியிருக்கேன்." அவள் கத்தவில்லை. "ஏன்க்கா சொல்லல?"

"ஒன் பேருக்கு ஒன்னும் வந்துறக்கூடாதுன்னு."

"சரி. வை. ஆள் வரட்டும்."

அன்று மருந்தை நிறுத்தினாள். குடல் முழுக்கப் புண்ணாகியிருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி ஏற்றினார்கள். முதல் மூன்று நாள் பலன் தெரியவில்லை. வியாழக்கிழமை நான் போனபோது துஷ்யந்தி வார்டில் கட்டிலோரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியாயியின் கை காய்ந்த குச்சி போல இருந்தது. என்னைப் பார்த்ததும், "நான் சொல்லல டொக்டர், இவங்கதான் சொல்லியிருக்காங்க" என்றார், ஏதோ நான் கோள் சொல்லிவிட்டது போல.

"பேசாதீங்க பெரியாயியம்மா" என்றாள் துஷ்யந்தி. என்னிடம் திரும்பி, "பெரட்டுல வச்சு நீ என்ன சொன்னேன்னு இவங்க சொன்னாங்க" என்றாள்.

"ஆமா."

"மத்த பதினாறு பேரும் அப்படித்தான் இருப்பாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. வேனில் நடந்ததைச் சொன்னேன்.

நான்காம் நாள் பெரியாயிக்கு இரத்தம் நின்றது. பத்தொன்பது நாள் வார்டில் இருந்தார். அதற்குள் துஷ்யந்தி செய்தது ஒன்று உண்டு. சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி, என் கட்டுரையை அச்சிட வேண்டாம், திரும்பப் பெறுகிறேன் என்றாள். கொழும்புக் கூட்டத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு மேலே இருந்த பெரிய டொக்டர், பூச்சியத்தை ஒன்று என்று திருத்தினால் போதுமே என்றாராம். "ஒன்னுன்னு எனக்குத் தெரியாதே சேர்" என்று இவள் சொன்னாளாம். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு அதோடு தள்ளிப் போனது. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்தாள். அழகையா அண்ணன் வீட்டுக்கு முதலில் போனோம். பகல் ஒரு மணி, நல்ல வெயில். அவர் இரண்டு சுவெட்டர் போட்டு, தலையில் துவாய் கட்டி உட்கார்ந்திருந்தார். துஷ்யந்தி பார்மை எடுத்து வரிசையாகக் கேட்டாள். சோர்வு உண்டா, குளிர் உண்டா, மலச்சிக்கல் உண்டா.

"சொகமா இருக்கேங்க."

"சுவெட்டர் எதுக்கு ரெண்டு?"

"மலதானேங்க. குளுரும்தானே."

"எங்க அக்கா சொன்னதயெல்லாம் மறந்துருங்க. கொற இருந்தா சொல்லுங்க. எனக்கு ஒன்னும் ஆகாது."

"ஒங்களுக்கு ஒன்னும் ஆகாதுங்க. நாங்க இருக்கோம்ல?" என்றார் அவர், தைரியம் சொல்வது போல.

அவள் பார்மை மடித்து வைத்தாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீடு புஷ்பம் என்ற பெண்ணுடையது, பக்கத்துப் பிரிவில் வேலை செய்பவள், அதே வேனில் போகிறவள். அவளும் சுகம் என்றுதான் சொன்னாள். துஷ்யந்தி எழுந்து வாசலுக்குப் போய், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, "போன மாசம் எத்தன பேர் புஷ்பம்?" என்றாள்.

"அத ஏன் கேக்குறீங்க" என்று புஷ்பம் பிடித்துக்கொண்டாள். "இருபத்தி மூணு வரணும். பதினாறரதான். அதுல அஞ்சு அரப்பேரு. எங்க கங்காணிக்குக் கண்ணுல ரத்தமே இல்ல. மூச்சு வாங்குது, செத்த குந்திட்டு வாறேன்னா, போ வீட்டுக்குன்னு அரப்பேரு போட்டுட்டான்."

"மூச்சு வாங்குதா? எப்ப இருந்து?"

"ஜூலையில இருந்துங்க. மேட்டுல ஏறுனா இருமலு வேற."

துஷ்யந்தி என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் உடம்பைப் பற்றி முதலில் கேட்கவில்லை. எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், ஏன் என்று கேட்டாள். உடம்பைப் பற்றி அவளுக்காகப் பொய் சொன்னவர்கள், பேரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. பேர் குறைந்ததற்குக் காரணத்தைத் தாங்களாகவே, கோபத்தோடு, நாள் வாரியாகச் சொன்னார்கள். வேலைக்குப் போகாதவர்களிடம் விறகு கொண்டு வந்த நாட்களைக் கேட்டாள். அழகையா அண்ணன் ஒகஸ்டிலிருந்து விறகுக்குப் போகவில்லை என்பது அப்படித்தான் வந்தது. இரத்தம் சோதித்ததில் கழுத்துச் சுரப்பி ஏறக்குறைய நின்றே போயிருந்தது. தோட்டத்து நிர்வாகத்திலும் நோயாளிகளிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, நான்கு தோட்டங்களின் செக்ரோலோடு ஒவ்வொரு பதிலையும் ஒப்பிட்டாள். இதற்கு ஏழு மாதம் எடுத்தது. முடிவில் பதினேழு பேரில் ஆறு பேருக்கு மருந்தின் கடி இருந்தது. புஷ்பத்துக்கு நுரையீரலில். எல்லாருக்கும் வைத்தியம் தொடங்கியது. ஒருவரும் அதனால் இறக்கவில்லை.

எட்டாவது கட்டுரை 2025 ஜனவரியில் வந்தது. அதில் இரண்டாவது அட்டவணையை எனக்கு அவள் விரல் வைத்துக் காட்டினாள். ஒரு வரிசையில், உடம்பைப் பற்றிக் கேட்டபோது கிடைத்தது: 0. அடுத்த வரிசையில், வேலையைப் பற்றிக் கேட்டபோது கிடைத்தது: 6. அரைப்பேர் என்ற சொல்லை ஆங்கில எழுத்திலேயே போட்டு, என்னவென்று ஒரு வரியில் விளக்கியிருக்கிறாள். நோயாளிகள் ஏன் மறைத்தார்கள் என்ற பத்தியில், ஆய்வு செய்பவர் தங்கள் ஊர் ஆள் என்பதால் என்று எழுதியிருக்கிறது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. வேண்டாம் என்றேன், மறைத்தவள் நான் என்றேன். "கொப்பி ஒன்னோடதுதான. பொய்யான காரணம் எழுதினாலும் தேதி சரியா எழுதியிருந்தியே" என்றாள்.

இதுவரை அறுபத்து மூன்று கட்டுரைகளில் மற்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவளுடைய பதினொன்றில் இதுதான் அதிகம். அசாமில் தேயிலைத் தோட்டங்கள் உள்ள பகுதியிலிருந்து ஒரு டொக்டர் எழுதியிருந்தார். மீனவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இன்னொருவர், தன் கிளினிக்கில் இப்போது கடலுக்குப் போகாத நாட்களைக் கேட்பதாக எழுதியிருந்தார். குறைந்த அளவு மருந்து நல்லதா என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை. ஒன்பதாவது அதைப் பற்றியது, அது வேறு கதை.

பெரியாயிக்கு அதன் பிறகு அந்த மருந்து கொடுக்கவில்லை. ஆனாலும் கன்னத்துக் கட்டி இன்றுவரை திரும்பவில்லை. இப்போது தோட்டத்து நாற்று மேடையில் வேலை செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகிறார். போன தடவை நானும் கூடப் போனேன். இப்போது வேனில் நிலைமை தலைகீழ். அழகையா அண்ணன் போகும் வழியெல்லாம், "ஒன்னையும் விடாத, எல்லாத்தையும் சொல்லு" என்கிறார்.

பெரியாயி உள்ளே போய் உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார். இடது தோள், கண் எரிச்சல், பல் கூச்சம், மருமகன் குடிக்கிறது. "அதையும் எழுதிக்கங்க டொக்டர். அதுவும் எனக்கு வருத்தம்தான்."

"எழுதிட்டேன். வயிறு?"

"வயிறு ஒன்னும் இல்ல. சொகமா இருக்கு."

துஷ்யந்தி பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நாற்று மேடை ஆட்களும் இப்போது என் கணக்கில்தான் வருகிறார்கள். கொப்பியைத் திறந்தேன்.

"போன மாசம் முழுப்பேர் இருபத்தி நாலு. அரைப்பேர் ஒன்னு. மகள் வீட்டுச் சடங்கு."

"சடங்குக்குப் போனது நெசமா?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"நானும் போயிருந்தேன்" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் வயிறு என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள்.